கோரோவின் ஏரிக்காட்சியை நகலெடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பிரெஞ்சு ஓவியர் கமீல் கோரோ 1864-இல் வரைந்த ‘மோர்ட்ஃபோன்டேன் நினைவு’ பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்புறம் படர்ந்த பெரிய மரம், பின்னால் அசையாத ஏரி, இடப்புறம் மெலிந்த மரத்தடியில் ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும். எளிதாகத்தான் தெரியும். ஆயில் பெயின்ட்டில் நகலெடுக்க உட்கார்ந்தால் முதல் நாளே பச்சை காலை வாரிவிடும்.

சாப் கிரீன் என்ற ஆயத்தப் பச்சையை டியூபிலிருந்து அப்படியே பூசினால் காலண்டர் படம்தான் கிடைக்கும். இங்கே இருப்பது சாம்பல் ஏறிய ஆலிவ் பச்சை. யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) இரண்டு பங்குக்கு ஐவரி பிளாக் (கறுப்பு) அரைப் பங்கில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஐவரி பிளாக் நீலச்சாயல் உள்ளது. மஞ்சளோடு சேர்ந்தால் பச்சையாகத் தெரியும். தூரத்து மரங்களுக்கு வெள்ளையும் துளி கோபால்ட் நீலமும் சேர்த்தால் போதும்.

அடுத்த தவறு, இலை இலையாக வரைவது. கோரோ இலைகளை எண்ணவில்லை. அவருக்கு முக்கியம் அடர்வு, வெளிர்வு வேறுபாடு. கண்ணை இடுக்கிப் பார்த்து, மரத்தை முதலில் ஒரே இருண்ட திரளாக மெல்லிய பெயின்ட்டில் போடுங்கள். அது காய்ந்த பிறகு, எண்ணெய் குறைந்த பெயின்ட்டை முரட்டுப் பிரஷில் தொட்டு, துணியில் பாதி துடைத்துவிட்டு, ஓரங்களை உரசினாற்போல் இழுங்கள். ஈரத்தின் மேலேயே செய்தால் சேறாகிவிடும்.

இலை இடுக்கில் தெரியும் வானத்தை, திறந்த வானத்தின் அதே வெளிர்நிறத்தில் வைப்பவர்கள் நிறைய. வெளிச்சம் அங்கே இலைகளால் கொஞ்சம் மங்கிவிடும். ஒரு படி அடர்த்தியாக வைக்காவிட்டால் மரத்தில் பொத்தல் விழுந்த மாதிரி இருக்கும். நீரில் விழும் பிம்பத்துக்கும் இதே கவனம் வேண்டும்: இருண்ட மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிர், வானத்தின் பிம்பம் வானத்தைவிடச் சற்று அடர்.

வானத்துக்கு டைட்டானியம் ஒயிட் என்ற வெள்ளையை மட்டும் பூசினால் சுண்ணாம்பு அடித்தது போலாகும். துளி ஓக்கர் கலந்துகொள்ளுங்கள்.

மூலத்தின் அளவு 65 × 89 செ.மீ. கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 16 × 20 அங்குல கேன்வாஸ் வாங்கினால் பக்கவாட்டில் இடம் பற்றாது, இடது மரம் நெருக்கப்படும். 16 × 22 சரியாகப் பொருந்தும். படத்தைத் தேடும்போது படகோட்டி இருக்கும் ஏரிக்காட்சி வந்தால் அது வேறு ஓவியம். நியூயார்க்கின் ஃபிரிக் சேகரிப்பில் உள்ளது. மோர்ட்ஃபோன்டேன் ஏரியின் புகைப்படத்தை வைத்து நகலைத் திருத்துவதும் வீண்வேலை. நாம் நகலெடுப்பது கோரோ ஸ்டூடியோவில் நினைவிலிருந்து கட்டிய காட்சி, தலைப்பே அதைச் சொல்கிறது.

உருவங்களில் வரும் சிவப்பைக் கடைசியில், நுனி பிரஷால், மிகச் சிறிதாக வையுங்கள். பெரிதாகிவிட்டால் கண் ஏரிக்குப் போகாது. உடனே துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம், அடியில் உள்ளது காய்ந்திருந்தால்.