அடிக்கடி அறுபடும் இணைப்பில் கட்டளைவழிப் பதிவிறக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையோர ஊர்களில், தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மின்சாரமும் செல்பேசி இணைப்பும் நினைத்த நேரத்தில் போய்விடும். அங்கே அமர்ந்து 5 ஜிபிக்கும் மேற்பட்ட உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) இறக்கும் மாணவர்களுக்கு, கட்டளையைத் தட்டச்சிட்டுக் கோப்புகளை இறக்க உதவும் டபிள்யூகெட் (wget), கர்ல் (curl) போன்ற கருவிகள் பெருந்துணை. ஆனால் நகரத்து நிலையான இணைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் ஒரு நாளின் டேட்டா முழுவதும் வீணாகும்.

முதன்மையான தவறு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லாமல் கட்டளையை மீண்டும் இயக்குவது. டபிள்யூகெட் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் அது பெரும்பாலும் தானாகவே மறுபடி முயலும். கணினியே அணைந்துவிட்டால், அடுத்த முறை 'ஹைஃபன் சி' (-c) என்ற விருப்பத்தைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் பழைய பாதிக் கோப்பு அப்படியே கிடக்க, பெயரின் இறுதியில் 'புள்ளி 1' ஒட்டிய புதிய கோப்பு தொடக்கத்திலிருந்து இறங்கத் தொடங்கும். கர்லில் இதற்கு ஹைஃபனோடு பெரிய 'சி' எழுத்தை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, இன்னொரு ஹைஃபனும் இட வேண்டும் (-C -). அந்த இரண்டாவது ஹைஃபனைத்தான் பலர் மறக்கிறார்கள். இதே வகைக் கருவியான ஏரியா2 (aria2) பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது வேறு: அது முழு அளவுக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதால், அளவை மட்டும் பார்த்து இறங்கி முடிந்ததென்று எண்ணக் கூடாது. அருகிலுள்ள 'ஏரியா2' என்று முடியும் சிறு கோப்பில்தான் எதுவரை இறங்கியது என்ற கணக்கு இருக்கிறது. வேலை முடியும்வரை அதை அழிக்கக் கூடாது.

முகவரியில் '&' குறி இருந்தால் முழு முகவரியையும் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இடாவிட்டால் லினக்ஸ் முனையம் அந்தக் குறியோடு கட்டளையை வெட்டிப் பின்னணிக்கு அனுப்பிவிடும்; சதுர அடைப்புக்குள் ஓர் எண் திரையில் தோன்றினால் நடந்தது இதுதான். கர்லில் பெரிய 'எல்' (-L) விருப்பத்தை விட்டுவிட்டால், முகவரி வேறிடத்துக்கு மாற்றிவிடப்படும்போது அது பின்தொடராது. ஐஎஸ்ஓ என்ற பெயரில் சில நூறு பைட் அளவுள்ள ஒரு வலைப்பக்கமே கையில் கிடைக்கும்.

விண்டோஸ் 10இல் 2018 முதல் கர்ல் உடன் வருகிறது, தனியாகத் தேடி நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லின் பழைய பதிப்பில் மட்டும் 'கர்ல் புள்ளி இஎக்ஸ்இ' (curl.exe) என்று முழுமையாக எழுத வேண்டும், வெறும் 'கர்ல்' அங்கே வேறொரு கட்டளையைக் குறிக்கும். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கட்டளையான 'ஏபிடி' (apt) வழியாக நிறுவுவதே பாதுகாப்பானது.

நிறுவல் ஸ்கிரிப்டை (கட்டளைகள் வரிசையாக எழுதப்பட்ட கோப்பை) கர்லிலிருந்து நேரே, லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் நிரலான பாஷுக்குள் (bash) செலுத்தும் வழக்கத்தை, நம்பத்தக்க தளமே பரிந்துரைத்தாலும், நான் ஏற்பதில்லை. பாஷ் வரவர இயக்கிக்கொண்டே போவதால், நடுவில் இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்டின் பாதி மட்டும், பல நேரம் நிர்வாகி உரிமையோடு, ஓடி முடிந்திருக்கும். கோப்பாகச் சேமித்து, திறந்து படித்துப் பார்த்த பிறகே இயக்க வேண்டும்.

தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழில் பிழை என்று வந்தவுடன் சரிபார்ப்பையே நிறுத்தும் விருப்பத்தைச் சேர்ப்பது அதைவிட ஆபத்தானது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி, மின்தடைக்குப் பின் தவறான தேதியோடு எழுவதாலேயே இப்பிழை பலமுறை வருகிறது. தேதியைச் சரிசெய்தால் போதும். இறக்கி முடித்ததும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று அறிய 'ஷா256சம்' (sha256sum) கட்டளையின் விடையைத் தளத்தில் தரப்பட்ட மதிப்போடு ஒப்பிட வேண்டும். எஃப்ஏடி32 (FAT32) முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அடங்காது என்பதால், எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் வடிவமைத்த பிறகே அதில் நகலெடுக்க வேண்டும்.