கனடாவில் தனியே பறப்பதற்கு முன்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து விமானப் பயிற்சிக்கு வருவோருக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து விமானப் பயிற்சிக்காகக் கனடாவுக்கு வரும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் முதலில் கேட்பது, எத்தனை மணித்தியாலம் பறந்தபின் தனியே பறக்க விடுவார்கள் என்பதே. முதல் தனிப் பறப்புக்கென்று கனடிய விதிகள் மணித்தியாலக் கணக்கு எதையும் வைக்கவில்லை. மாணவ விமானி அனுமதிப்பத்திரம் கையில் இருக்க வேண்டும், பயிற்றுநருக்கு நம்பிக்கை வர வேண்டும். இவற்றில் முதலாவதற்குரிய வேலைகளை ஊரிலேயே தொடங்கலாம், தொடங்குவதே நல்லது.

பயிற்சிப் பாடசாலைக்குப் பெருந்தொகையைக் கட்டுவதற்கு முன்பே மருத்துவச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தனியே பறப்பதற்கு, சுய அறிவிப்பை அடிப்படையாகக் கொண்ட நான்காம் வகைச் சான்றிதழே போதுமானது. ஆயினும் பயணிகள் விமானம் ஓட்டுவதைத் தொழிலாக்க நினைப்பவர், கனடாவின் போக்குவரத்துத் துறையான ட்ரான்ஸ்போர்ட் கனடா நியமித்த விமானத்துறை வைத்தியரிடம் சென்று முதலாம் வகைச் சான்றிதழைத் தொடக்கத்திலேயே பெற முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறம் பிரித்தறிவதிலோ இதயத்திலோ குறை இருக்குமாயின், காணியை ஈடு வைத்துப் பெற்ற பணம் செலவாகிய பின் அதை அறிவதில் பயனில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ சிகிச்சை பெற்றிருந்தால், கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த அட்டையையும் கொண்டு வாருங்கள். வலிப்பு, மயக்கம், நீரிழிவு போன்றவற்றை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

மாணவ அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தபட்ச வயது 14. வயதை உறுதிப்படுத்தப் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெற்று, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். தகப்பனின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப்பெயராகவும் இருப்பது நம்மவரிடையே வழக்கம் என்பதால், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லாப் படிவங்களிலும் பின்பற்றுங்கள். நிரந்தர வதிவிட உரிமை இல்லாதவர், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் கல்வி அனுமதியும் பெற வேண்டும்.

அடுத்தது பி-ஸ்டார் எனப்படும் விமானப் போக்குவரத்து விதிப் பரீட்சை. ஐம்பது வினாக்களில் 90 சதவீதம் பெற வேண்டும் என்பதால், ஐந்துக்கு மேல் பிழைவிட இடமில்லை. வானொலிக் கருவியைப் பயன்படுத்துவதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு. இவற்றுடன் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்ச்சியையும் காட்ட வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்துவந்தவருக்கு எழுத்துப் பரீட்சையைவிடக் கடினமாக இருப்பது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் விரைவான பேச்சு. பாதி விளங்கியவுடன் “ஓம், ஓம்” என்று தலையாட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது; வானொலியில் அது ஆபத்தானது. ஓடுபாதைக்கு முன் நிற்கும்படி சொன்னால், “ரோஜர்” (கேட்டுக்கொண்டேன்) என்ற ஒரு சொல்லோடு முடிக்காமல், அந்த அறிவுறுத்தலை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் “ஸே அகெய்ன்” (மீண்டும் சொல்லுங்கள்) என்று கேட்பதில் வெட்கமில்லை. கோபுரத்தின் உரையாடலைப் பயிற்சிக்கு முன்பிருந்தே நாள்தோறும் கேட்டுப் பழகுங்கள்.

மார்கழியில் நமக்குத் தெரிந்தது அடைமழையும் வெள்ளமும். இங்கே அக்காலத்தில் சிறகின் மீது படியும் மெல்லிய உறைபனிகூடச் சிறகின் தூக்குவிசையைக் குறைத்துவிடும் என்பதால், அதை முற்றாக அகற்றாமல் புறப்படுவது சட்டப்படி தடை. மாணவ அனுமதிப்பத்திரத்தில் பகலில் மட்டுமே பறக்கலாம் என்பதாலும் குளிர்காலப் பகல் குறுகியது என்பதாலும் பயிற்சி இழுபடும். செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்றுநரின் மேற்பார்வையில், பயிற்சிக்காக, கனடாவுக்குள் மட்டும் பறக்க அனுமதி உண்டு. பயணிகளை ஏற்றக்கூடாது; ரொறன்ரோவிலிருந்து படமெடுக்க வரும் மாமா தரையில் நின்றுதான் எடுக்க வேண்டும்.

கனடியப் பயிற்சித் திட்டத்தில் முதல் தனிப் பறப்பு 19ஆம் பயிற்சியாக வருகிறது. புறப்படுதல், சுற்றுப்பாதை, தரையிறங்கல் ஆகியவை அதற்கு முந்திய மூன்று பயிற்சிகள். ஓடுபாதையை மையமாகக் கொண்டு பொதுவாக 1000 அடி உயரத்தில் இடப்பக்கமாகத் திரும்பி வரும் இச்சுற்றைப் பயிற்றுநருடன் பலமுறை செய்வீர்கள். இயந்திரம் நின்றால் என்ன செய்வது, தரையிறங்கல் சரிவராதபோது மீண்டும் மேலெழுவது எப்படி என்பவற்றைச் சொல்லித்தராமல் எந்தப் பயிற்றுநரும் விமானத்திலிருந்து இறங்கிப் போகமாட்டார். அவர் இறங்கியதும் செஸ்னா போன்ற சிறு விமானத்தின் எடை கணிசமாகக் குறைவதால், அது வழமையைவிட விரைவாக மேலேறும். தரையிறங்கும்போதும் சற்றுத் தூரம் மிதந்து செல்லும்.

கூடப் படிப்பவர் முந்திவிட்டார் என்று பயிற்றுநரை நெருக்க வேண்டாம். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். அதில் பயிற்றுநருடன் குறைந்தது 17, தனியே குறைந்தது 12. முதற்சுற்று அந்தப் பன்னிரண்டில் சில நிமிடங்கள்தான். அதையும் அன்றே பறப்புப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.