மேன்முறையீட்டுக்குப் பத்திரிகைச் செய்தியை எப்படிக் கொண்டுபோவது

மகனுக்கோ கணவனுக்கோ மேல் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்ததும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பழைய பத்திரிகைகளைத் தேடத் தொடங்குகின்றன. நான் நீண்டகாலம் நீதிமன்றச் செய்தி எழுதியவன் என்பதால் நறுக்குகளோடு என்னிடம் வருகிறார்கள். "ஐயா, பேப்பரிலேயே வந்திருக்கிறது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

செய்தியில் சொல்லப்பட்ட சம்பவம் நடந்தது என்பதற்கு அந்தச் செய்தி தனியே சான்றாகாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 60ஆம் பிரிவு, கண்டவரே வந்து கண்டதைச் சொல்லவேண்டும் என்கிறது. 81ஆம் பிரிவு, இது உண்மையான பத்திரிகைதான் என்று ஊகிக்கச் சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று ஊகிக்க இடம் தருவதில்லை. தமிழ்நாட்டுக் கொலை வழக்கொன்றின் மேன்முறையீட்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் 1988இல் இதையே சொன்னது: எழுதியவர் நீதிமன்றத்துக்கு வந்து, தான் நேரில் அறிந்ததைச் சொல்லாதவரை செய்தி வெறும் கேள்விச் சாட்சியம், அதாவது பிறர் சொல்லக் கேட்டது. செய்தி உருவாகும் விதம் தெரிந்தவர்களுக்கு இது கடுமையான விதியாகத் தோன்றாது. பொலிஸ் நிலையத்தில் ஒருவர் தொலைபேசியில் சொன்னதை எழுதுகிறோம். "என்று பொலிஸார் தெரிவித்தனர்" என்ற கடைசி வரி, பக்கத்தில் இடமில்லாமல் வெட்டுப்பட்டுவிடும். வாசிப்பவருக்கு நிருபர் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல இருக்கும்.

ஆனால் இன்ன செய்தி இன்ன நாளில் அச்சாகி ஊருக்குள் வந்தது என்பது வேறு விடயம். பத்திரிகையின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 14ஆம் திகதி எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) கொடுத்த வாக்குமூலத்தைக் கொண்டு, அதே கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பனங்காணிக்குள் கத்தியைக் கண்டெடுத்ததாகப் பொலிஸார் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13ஆம் திகதிக் காலைப் பத்திரிகையில் "பனங்காணியில் கத்தி மீட்பு" என்று வந்திருந்தால், அந்தப் பக்கம் அச்சானது 12ஆம் திகதி இரவு. வாக்குமூலத்துக்கு முன்பே கத்தியைப் பற்றி யாரோ அறிந்திருக்கிறார்கள். கைதுத் திகதியையும் இப்படியே பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடையாள அணிவகுப்பு நடந்திருந்தால் அதற்கு முந்திய நாட்களின் பத்திரிகைகளை ஒரு பக்கம் விடாமல் புரட்டுங்கள். சந்தேகநபரின் படம் அணிவகுப்புக்கு முன்பே வெளிவந்திருந்தால், சாட்சி காட்டிய முகம் சம்பவ இடத்தில் கண்டதா, பத்திரிகையில் கண்டதா என்ற கேள்வி எழும். இத்தனைக்குப் பிறகும் நிருபரையோ ஆசிரியபீடத்தில் ஒருவரையோ தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும். செய்தி அவருக்கு யார் மூலம், எப்போது வந்தது என்பதை அவர் சத்தியக்கடதாசியில் சொல்லவேண்டும். அவருடைய குறிப்புப் புத்தகமோ ஒலிப்பதிவோ இன்னும் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள்.

நறுக்கு போதாது. பத்திரிகையின் பெயரும் திகதியும் பக்க எண்ணும் தெரியும் முழுப் பக்கம் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் கேளுங்கள். 'நூலக நிறுவனம்' என்ற அமைப்பின் இணைய நூலகத்தில் பல பழைய இதழ்கள் இருக்கின்றன. கிடைக்காவிட்டால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். இணையத்தில் மட்டும் வந்த செய்தியென்றால் முகவரியும் வெளியான நேரமும் தெரியும்படி அச்செடுத்து, அதை 1995ஆம் ஆண்டின் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழா, 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழா முன்வைப்பது என்பதைச் சட்டத்தரணியிடம் விடுங்கள்.

அடுத்து வழக்கேட்டை வாசியுங்கள். மேல் நீதிமன்ற விளக்கத்திலேயே (வழக்கு விசாரணையிலேயே) இந்தப் பத்திரிகை காட்டப்பட்டு, குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் அது ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது. அதன்மேல் வாதாடினால் போதும். இல்லையென்றால் அரசியலமைப்பின் 139(2) உறுப்புரையின்படி புதிய சான்றை ஏற்கும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். அங்கே முதலில் எழும் கேள்வி, அப்போதே கிடைத்திருக்கக்கூடிய பத்திரிகையை ஏன் அப்போதே காட்டவில்லை என்பதுதான். அதற்கு நேர்மையான பதில் வேண்டும். தீர்ப்பின் முடிவையே மாற்றக்கூடிய அளவுக்கு அது முக்கியமானதா, நம்பத்தக்கதா என்பதையும் பார்ப்பார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு ஒரு சாட்சி "நான் பொய் சொன்னேன்" என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தால், தயவுசெய்து நீங்களாக அவருடைய வீட்டுக்குப் போகாதீர்கள். சாட்சியை மிரட்டியதாகவோ விலைபேசியதாகவோ உங்கள் மீதே வழக்கு வரலாம். சாட்சிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. எத்தனை அழுத்தம் இருந்தாலும் பொறுத்திருந்து, சட்டத்தரணி மூலமே அணுகுங்கள்.

இந்தத் தேடலில் நாட்களைத் தொலைத்துவிடாதீர்கள். மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மனுவை 14 நாட்களுக்குள் அந்த நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுத்துவிடவேண்டும். பத்திரிகை கையில் கிடைக்கும் வரை மனுவைப் பிடித்துவைத்திருப்பது பெருந்தவறு. சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குத் தீர்ப்பு வந்த மறுநாளே போங்கள்.

வழக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்குப் போகும்போது தமிழ்ச் செய்திக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும். அதை மூலத்தோடு வைத்து வரிவரியாகப் பாருங்கள். "நேற்று", "நேற்றுமுன்தினம்", "அதிகாலை" போன்ற சொற்களில் ஒன்று தவறினாலும் கத்தி கிடைத்த நாள் மாறிவிடும்.