மாமனாருக்கு ஸ்கோப் வாங்குமுன்

நாலு வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு என் மாமனாருக்கு ரைஃபிள் ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கிக் கொடுத்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கூடத்தில் குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்க, பெட்டியைப் பிரித்தார். 6-24×50, அதாவது ஆறு முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. கடையில் இருந்ததிலேயே பெரியது அதுதான். கையில் வைத்து எடை பார்த்தார். சன்னல் வழியே எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இதில் நிலாவைக்கூடப் பார்க்கலாம் போலிருக்கிறதே" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வேட்டைக்குப் போவது வடக்கே பொங்கோலா பக்கத்துப் பண்ணைகளுக்கு. முள்ளுக்காடு. இம்பாலா மானோ நியாலா மானோ கண்ணில் பட்டால் 60, 80 மீட்டரில் படும். 120 மீட்டரே அங்கே தூரம். அப்படிப்பட்ட இடத்தில் ஆறு மடங்குக்குக் கீழே இறங்காத ஸ்கோப்பால் என்ன பயன்? 6-24ஐ ஆறில் வைத்தாலும் 100 மீட்டரில் சுமார் ஐந்தரை மீட்டர் அகலம்தான் தெரியும். சாதாரண 3-9×40ஐ மூன்றில் வைத்தால் கிட்டத்தட்ட பத்து, பதினோரு மீட்டர் தெரியும். புதருக்குள் மான் எங்கே என்று தேடும்போது இந்த அகலம்தான் உதவும். ஃப்ரீ ஸ்டேட், கரூ வெளிகளில் ஸ்பிரிங்பொக் மான் சுடுகிறவர் கதை வேறு. அங்கே 250 மீட்டர் சாதாரணம். ஆகவே கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் எந்த நிலத்தில், என்ன தூரத்தில் சுடுகிறார் என்பதுதான். நான் அதை விட்டுவிட்டு விலைச்சீட்டைப் பார்த்தேன்.

"முன்கண்ணாடி பெரிதானால் அந்தியில் வெளிச்சமாகத் தெரியும்" என்று விற்பனையாளர் சொல்வார். பாதி உண்மை. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40 மி.மீ. கண்ணாடி, ஆறு மடங்கு என்றால் 6.7 மி.மீ. இளைஞனின் கண்பாவை இருட்டில் ஏழு மி.மீ. வரை விரியும், அறுபது தாண்டியவருக்கு ஐந்து விரிந்தாலே பெரிது. மிச்ச ஒளி வீண். அந்த 50 மி.மீ. கண்ணாடியையே 24 மடங்கில் வைத்தால் வட்டம் இரண்டு மி.மீ.தான். பொழுது சாயும் நேரத்தில் அதில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியின் தரமும் அதன் பூச்சும் அளவைவிட முக்கியம். மிட்லண்ட்ஸ் பனிமூட்டத்துக்கும் டர்பன் ஈரக்காற்றுக்கும் உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடிய ஸ்கோப் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே ஆவி படியும்.

அடுத்த தவறு, ஸ்கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது. குழாய் ஒரு அங்குலம் (25.4 மி.மீ.) அல்லது 30 மி.மீ. என்று வரும். அதைத் துப்பாக்கியோடு பிடிக்கும் ரிங் அதே அளவில் இருக்க வேண்டும். அந்த ரிங் துப்பாக்கியின் மேல்பகுதியோடும் பொருந்த வேண்டும். மாமனாருடையது சி.இசட். 550, அதன் மேலேயே 19 மி.மீ. டவ்டெயில் (ரிங் நேரே கவ்வும் சாய்வுப் பள்ளம்) வெட்டியிருக்கிறது. நான் வாங்கியது பிக்கட்டினி என்ற வேறு வகைத் தண்டவாளத்துக்கான ரிங். உட்காரவே இல்லை. பழைய ராணுவ மவுசர் 98 வைத்திருப்பவருக்கு வாங்குவதானால் இன்னும் கவனம்: போல்ட்டின் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) கைப்பிடியும் பின்னால் நிமிரும் சேஃப்டிப் பூட்டும் ஸ்கோப்பில் இடிக்கும். அவற்றை மாற்றாமல் ஸ்கோப் ஏறாது. ரிங்கின் உயரமும் பார்க்க வேண்டும். தாழ்வானால் ஸ்கோப்பின் முன்பக்கம் துப்பாக்கிக் குழலில் உரசும்; உயர்ந்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாது.

இதையெல்லாம் கேட்டால் பரிசின் ரகசியம் போய்விடுமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்தான தவறுக்கு வந்து நிற்போம். "அவருக்குத் தெரியாமல் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டிக் கொண்டுவந்துவிடலாம்" என்ற யோசனை எனக்கும் வந்தது, மச்சானுக்கும் வந்தது. வேண்டவே வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஸ்கோப்புக்கு உரிமம் தேவையில்லை, யாரும் வாங்கலாம். துப்பாக்கி அப்படியல்ல. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. அவர் கூட இல்லாமல் அதை நீங்கள் காரில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், அது உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதுதான். மருமகன் என்றாலும் குற்றம் குற்றமே. துப்பாக்கிப் பெட்டகச் சாவி உங்கள் கைக்கு வந்தாலே அவருக்கும் சிக்கல். ரகசியம் வேண்டுமானால், அவர் ரைஃபிளைத் துடைத்து எண்ணெய் போடும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, மாடல் பெயரைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது போதும்.

சுட்டதும் தோளில் உதைக்கும் பின்னடி பலமாக உள்ள .375 போன்ற ரைஃபிளுக்குக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே அதிக இடம் விடும் ஸ்கோப் வேண்டும். ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு விழும். வேட்டைக்காரர்கள் நெற்றியில் அந்தத் தழும்பைப் பார்த்தாலே சிரிப்பார்கள். வில்சுருள் வைத்த ஏர் ரைஃபிளுக்கு அதற்கென்றே செய்த ஸ்கோப்தான் வேண்டும். அது பின்னும் முன்னும் இரண்டு பக்கமும் உதைப்பதால், மற்றவை உள்ளே கழன்றுவிடும்.

சரி, மாட்டும் வேலை. அவரே செய்யட்டும், நீங்கள் கூட நின்று பிடித்துக் கொடுங்கள். முதலில் ரைஃபிள் காலி என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்து, போல்ட்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ரிங்குக்கு அடியில் தனி பேஸ் (தாங்குதட்டு) உள்ள ரைஃபிளானால், திருகுகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. ரிங் திருகுகளுக்குப் பசை போட அவசரப்பட வேண்டாம். ஸ்கோப்பைத் தளர்வாக வைத்து, அதிகபட்ச மடங்குக்குத் திருப்பி, அவர் வழக்கமாக அணியும் குளிர்க்கோட்டோடும் மூக்குக்கண்ணாடியோடும் கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் சேர்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் கறுப்பு வளையமில்லாமல் முழுப்படம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பை நகர்த்த வேண்டும், கழுத்தை அல்ல.

குறுக்குக்கோடு நேராக நிற்க, ரைஃபிளை ரசமட்டம் வைத்து நிறுத்தி, எதிர்ச்சுவரில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நிமிர்ந்த கோட்டை அந்த நூலோடு சேருங்கள். கொத்தனார் வேலைதான். திருகுகளை மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி இறுக்கவும். பலத்தைக் காட்டுவதுதான் இங்கே பெருந்தவறு. பெரும்பாலான ரிங்குகளுக்குச் சுமார் இரண்டு நியூட்டன்-மீட்டர் இறுக்கமே போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் பலத்தை அளக்கும் சாவி) இல்லாமல் உள்ளங்கை வலிக்க இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கும். ரிங்கோடு வந்த தாளில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுதான் சரி.

மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. "கடையிலேயே ஜீரோ பண்ணிக் கொடுத்தார்கள்" (குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வதுதான் ஜீரோ) என்பதையும் நம்பாதீர்கள். அது லேசர் வைத்துச் செய்த தோராயம். போல்ட் இல்லாத குழல் வழியே 25 மீட்டர் இலக்கைப் பார்த்துக் குறுக்குக்கோட்டை அதோடு சேர்த்துவிட்டு, முதல் குண்டுகளை 25இல் சுட்டு, பிறகு 100க்குப் போக வேண்டும், அதுவும் அவர் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரகக் குண்டால். ஸ்கோப்பின் திருகு ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் எம்.ஓ.ஏ.) என்றால் 100 மீட்டரில் சுமார் ஏழு மி.மீ. நகரும், பத்து சென்டிமீட்டர் தவறினால் பதினான்கு கிளிக். 25 மீட்டரில் அதே தவறுக்கு நாலு மடங்கு கிளிக் வேண்டும். இதை மறந்து ஒரு பெட்டி குண்டைத் தீர்த்தவர்களைச் சுடுபயிற்சி ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். ஒரு குண்டுக்கு ஒரு தடவை திருகாமல், மூன்று சுட்டு நடுவைப் பார்த்துத் திருகவும்.

இதனால்தான் தந்தையர் தினத்துக்கு ஸ்கோப் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஜூனில், வேட்டைக் காலத்தின் நடுவில் வருகிறது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறவரிடம் வியாழக்கிழமை புது ஸ்கோப்பைக் கொடுத்தால், பாசத்தில் அதை மாட்டிக்கொண்டு போவார். மான் காயத்தோடு ஓடும். தீபாவளி நல்ல நேரம். புரட்டாசி விரதமும் முடிந்திருக்கும், மே மாதம் வரை ரேஞ்சுக்குப் போக அவகாசமும் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் "பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல்வதும் தவறு. துப்பாக்கி ஸ்கோப்புகள் அந்நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. இங்கேயே லின்க்ஸ், ருடால்ஃப் போன்ற உள்ளூர் பெயர்கள் உண்டு, பழுதானால் திரும்பக் கொடுக்க ஆள் இருக்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். மாற்ற வேண்டி வரலாம்.

எனக்கு வந்தது. கடையில் மாற்றித் தரவில்லை, ரிங் போட்ட தழும்பு விழுந்திருந்தது. அந்த 6-24 இப்போது ப்ளூம்ஃபான்டெய்ன் மச்சானின் ரைஃபிளில் ஸ்பிரிங்பொக் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமனாருக்கு 3-9×40 ஒன்று, அவரே கடைக்கு வந்து, அவரே பார்த்து எடுத்தார். நான் பணம் மட்டும் கொடுத்தேன்.