நகைச் சீட்டைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள்: வீட்டுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. குழுக் கணக்கு முடிந்ததும், புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்கள் தங்கள் வீட்டு நோட்டையும் நீட்டுவார்கள். "அக்கா, சம்பளம் வருது, இருபதாம் தேதிக்கு மேல கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்க போகுதுன்னு பாருங்க." பார்த்தால், எங்கள் வயசுக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள், வரிசைகூட மாறாமல் இருக்கும். விளக்கை அணையுங்கள், ஹோட்டல் சாப்பாட்டைக் குறையுங்கள், ஆடித் தள்ளுபடியில் மயங்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் செய்வார்கள், அது வேறு விஷயம்.

கொத்தமல்லிக் கட்டை எழுதிவிட்டு மொய்யை விடுவது

கணக்கு எழுதத் தொடங்கும்போது கொத்தமல்லி பத்து ரூபாய், பூ இருபது ரூபாய் என்று ஒன்று விடாமல் எழுதுவார்கள். மூன்றாவது வாரம் நோட்டு பிரிட்ஜ் மேலே போய்விடும். பத்து ரூபாய் கொத்தமல்லியால் எந்தக் குடும்பமும் கவிழ்ந்ததில்லை. கவிழ்ப்பதெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருகிற செலவுகள்: பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணிமணி, சொத்து வரி, மொய். இவற்றை நோட்டில் "திடீர்ச் செலவு" என்று எழுதி வைத்திருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதில் என்ன திடீர்?

மொய் இன்னும் மோசம். எங்கள் மதுரைப் பக்கம் மொய் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். உங்கள் பிள்ளை காதுகுத்துக்கு 2,000 ரூபாய் எழுதியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று மொய் நோட்டே சொல்கிறது. அதைப் பரணில் போட்டுவிட்டு, ஆவணி பிறந்ததும் பத்திரிகைகள் வரிசையாக வரும்போது திகைத்து நிற்பார்கள். வருடச் செலவுகளை எல்லாம் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளத்தன்றே வேறொரு பேங்க் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கையில் பணம் தயாராக இருந்தால் ஒரு லாபமும் உண்டு. நம் ஊர் மாநகராட்சி, நகராட்சிகளில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள்.

ஐந்நூறாவது யூனிட்டைக் கவனிக்காமல் விடுவது

நம் மாநிலத்தில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் விலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீழே உள்ள யூனிட்டுகளின் மானியத்திலும் கை வைப்பார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 101 முதல் 200 வரையிலான யூனிட் 2.25 ரூபாயிலிருந்து 4.50 ஆகிவிட்டதுதான் காரணம். 2024 உயர்வில் பைசாக்கள் ஏறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை.

ரீடிங் எடுத்துவிட்டுப் போன தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்து நீங்களே மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கிலோவாட் மணி என்று காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் போன ரீடிங்கைக் கழித்து வருவது 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்ச மாதத்தில் கையைக் கட்ட வேண்டும். எதில் கட்டுவது என்பதும் முக்கியம். ஒரு வீட்டில் போன் சார்ஜரைத் தினமும் பக்தியோடு பிடுங்கி வைக்கிறார்கள். குளியலறையில் 2,000 வாட் ஹீட்டர் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அரை மணிக்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் அங்கேயே போயாச்சு.

ரேஷன் கடை வரிசையில் நிற்க வெட்கப்படுவது

துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கார்டு இருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நகைச் சீட்டைச் சேமிப்பு என்று எழுதுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நோட்டில் "சேமிப்பு" என்று ஒரு பத்தி போட்டு, அதற்குக் கீழே "நகைச் சீட்டு 3,000" என்று எழுதி, அடியில் கோடு போட்டு முடித்திருப்பார்கள். பேங்கில் ஒரு ரூபாய் இருக்காது. கேட்டால், "தங்கம்தானக்கா, எப்ப வேணும்னாலும் காசாக்கிக்கலாம்" என்று பதில் வரும்.

சரி, காசாக்கிப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் 22 காரட் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சவரனில், எட்டு கிராமில், செயின். தங்கத்தின் விலை 80,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 1.12 கிராம், அதற்கு 11,200. இரண்டும் சேர்ந்து 91,200. அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 2,736. ஆக 93,936 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். மறுநாளே, விலை ஒரு ரூபாய்கூட மாறாத நிலையில், அந்தச் செயினை விற்கப் போனால் எடை போடுவது எட்டு கிராம்தான். சேதாரமும் வரியும் போனது போனதுதான். உருக்குக் கழிவு என்று இரண்டு சதவீதம் பிடித்தால் கைக்கு 78,400 வரும். பதினைந்தாயிரத்துக்கு மேல் போய்விட்டது. போட்ட பணம் திரும்ப வரவே தங்கம் ஏறக்குறைய 20 சதவீதம் ஏற வேண்டும். கல் வைத்த நகை என்றால் இன்னும் கொடுமை: கல்லின் எடையைக் கழித்து நிகர எடை எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்காமல் வந்தவர்கள், விற்கும்போது அழுவார்கள்.

"சீட்டு கட்டினால் சேதாரம் கிடையாதே" என்பார்கள். உண்மைதான். கல்யாணத்துக்கோ சீருக்கோ நகை வாங்கியே ஆக வேண்டும் என்றால், சீட்டு நல்ல வழி. நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு உண்டு. எங்கள் குழுவில் தையல் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மாதம் 3,000 வீதம் பதினொரு மாதம் கட்டிவிட்டு, தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு கடைக்குத் தோடு எடுக்கப் போனாள். 33,000 ரூபாய்க்கு உட்பட்டு எடுப்பதாகத்தான் திட்டம். சேதாரம் இல்லாமல் தருவது இந்தத் தட்டில் இருப்பவை மட்டும் என்று ஒரு தட்டைக் காட்டினார்களாம். அதில் இருந்ததெல்லாம் பாட்டி காலத்து மாடல். அவளுக்குப் பிடித்த ஜோடி பக்கத்துத் தட்டில் இருந்தது. அதற்குச் சேதார வித்தியாசம், கூடுதல் எடைக்குப் பணம், வரி. கடன் வாங்கிக் கொண்டுபோன காசும் சேர்ந்து கரைந்தது. அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தத் தோட்டை விற்கலாம் என்று அதே கடைக்குப் போனால், "மாத்தி வேற நகை எடுத்தா கழிவு இல்ல, பணமா வேணும்னா கழிவு உண்டு" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வளையலா வாங்கிக்கொள்வார்கள்? கடைசியில் தோடு அடகுக்குப் போயிற்று. மாதா மாதம் வட்டி என்று இப்போது நோட்டில் புதிதாக ஒரு வரி.

சீட்டில் சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கட்டுவது ரூபாயாக வரவாகுமா, கிராமாக வரவாகுமா? இரண்டு வகையும் உண்டு. அட்டையைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. மாதம் 5,000 வீதம் பதினொரு மாதத்தில் 55,000 கட்டுகிறீர்கள். அந்த இடைவெளியில் கிராம் 7,000-லிருந்து 10,000-க்குப் படிப்படியாக ஏறுகிறது. ரூபாய் வகை என்றால் கடைசி நாள் விலைக்கு ஐந்தரை கிராம்தான் கிடைக்கும். கிராம் வகை என்றால் ஆறரை கிராம். 2025-ல் இதைப் பலர் நேரடியாகப் பார்த்தார்கள். வருடத் தொடக்கத்தில் 60,000 ரூபாய்க்குக் கீழே இருந்த சவரன், டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. அந்த வருடம் முழுக்க ரூபாய் வகைச் சீட்டு கட்டியவர்களுக்கு, தங்கம் ஏறியதே நஷ்டம்.

"பாத்தீங்களாக்கா, தங்கம் எப்படி ஏறுச்சு!" என்று அதையே என்னிடம் திருப்பிச் சொன்னவர்களும் உண்டு. ஏறியது தங்கம். சேதாரமாகக் கொடுத்த காசு ஏறவில்லை. தங்கத்தில் பணம் போட ஆசை இருந்தால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு இருந்தால், தங்க விலையோடு ஏறி இறங்கும் கோல்டு இடிஎப் யூனிட்டுகளை வாங்கலாம். சேதாரமும் கிடையாது, பூட்டி வைக்கப் பீரோவும் தேவையில்லை. அரசாங்கத்தின் தங்கப் பத்திரம் அதைவிட நல்லதாக இருந்தது, வருடத்துக்கு இரண்டரை சதவீதம் வட்டியும் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியோடு புது வெளியீடு நின்றுவிட்டது. நாணயத்தில் செலவு குறைவு, ஆனால் பேங்கில் வாங்கிய நாணயத்தை அந்த பேங்க் திரும்ப வாங்கிக்கொள்ளாது. இதைக் கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. நகை எதை வாங்கினாலும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் வரும் ஹெச்யுஐடி என்ற தனி அடையாளம் ஹால்மார்க்கில் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் விவரம் வந்துவிடும்.

இன்னொன்று. பதினொரு மாதம் என்பது ராசியான எண் என்று யாரோ சொல்லக் கேட்டேன். சட்டம்தான் காரணம். பொருளுக்காகக் கம்பெனிகள் வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் சரிக்கட்டாவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று 2014-ன் விதிகள் சொல்கின்றன. ஆக, நீங்கள் கட்டுவது பொருளுக்கான முன்பணம். கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டு அட்டைக்குக் கிடையாது.

எனவே "நகைச் சீட்டு 3,000" என்பதைத் துணிமணிக்குப் பக்கத்தில் செலவில் எழுதுங்கள். சேமிப்புப் பத்தி காலியாகத் தெரியும், தெரியட்டும். தபால் ஆபீஸ் ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதம் ஆனது. ஐந்து வருடம் கட்ட வேண்டும். ஆனால் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் கட்டியதில் பாதி வரை கடன் எடுக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்குத் தோட்டைத் தூக்க வேண்டாம்.

நகையை அடகு வைத்து நகைச் சீட்டு கட்டுவது

பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

தெரிந்தவர் பிடிக்கும் ஏலச்சீட்டு

1982 சிட்பண்ட் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். "நம்ம ஆளுதாம்மா" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மொத்தமாக வாங்கினால் எல்லாமே லாபம் என்று நம்புவது

கீழமாசி வீதிக்குப் போய் மூட்டையும் டின்னுமாக ஆட்டோவில் ஏற்றி வருவது ஒரு சந்தோஷம். அதில் பாதிப் பொருளில்தான் லாபம். எண்ணெய் அந்தப் பாதியில் சேராது. பதினைந்து லிட்டர் டின் வீட்டில் இருந்தால் வடைச்சட்டி தானாக அடுப்பில் ஏறும். லிட்டருக்கு மிச்சம் பிடித்த ஐந்து ரூபாய் பஜ்ஜியாகப் போய்விடும். துவரம் பருப்பை ஐப்பசி மழைக்கு முன்னால் பத்து கிலோ வாங்கி வைத்தால் வண்டுக்கும் சேர்த்து வாங்கியதாகும்.

புளியும் வற்றலும் வேறு கதை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஜாடியில் அடுக்குக்கு அடுக்கு கல் உப்பு தூவி அமுக்கி வையுங்கள். அடுத்த மாசி வரை கெடாது.

அரிசியில் கிலோ விலையைப் பார்க்காமல் மூட்டை விலையைப் பார்க்கிறார்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததும், மில்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26. எந்த மூட்டை மலிவு என்று வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். வகுத்து முடித்த பிறகும் உடனே மூட்டையைத் தூக்காதீர்கள். அதே அரிசியில் ஒரு கிலோ வாங்கி ஒரு வேளை வடித்துப் பாருங்கள். புது அரிசி என்றால் குழைந்துபோகும். கட்டிய மூட்டையைப் பிரித்த பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.