மேசையில் பாடிய பெடல் பெட்டிக்குள் ஏன் ஊமையாகிறது? வீட்டில் கிட்டார் பெடல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைமேல் பரப்பிவைத்து வாசித்தபோது அருமையாக ஒலித்த ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் சிறு கருவி), அலுமினியப் பெட்டிக்குள் போய் நான்கு திருகையும் முடுக்கியதும் சத்தமே இல்லாமல் போய்விடும். சொந்தமாக பெடல் கட்டுகிறவர்கள் பலரும் இதைச் சந்தித்திருப்பார்கள். உடனே சர்க்யூட்டைச் சந்தேகித்து டிரான்சிஸ்டர்களைக் கழற்றி மாற்றத் தொடங்குவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் போர்டுக்கு வெளியே, கேபிள் செருகும் ஜாக்கிலோ, காலால் மிதிக்கும் ஃபுட் ஸ்விட்சிலோ, வயரிலோ இருக்கும். சில நேரம் பெட்டிக்கு அடித்த பெயின்டிலேயே இருக்கும்.

பாகம் வாங்கும்போது

அமெரிக்க வரைபடங்களில் 2என்5088, 2என்3904 என்று டிரான்சிஸ்டர் குறித்திருக்கும். மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டவுடன் கைக்கு வருவது பிசி547 அல்லது பிசி549. பல ஃபஸ், பூஸ்டர் (ஒலியைக் கூட்டும் பெடல்) சர்க்யூட்டுகளில் தாராளமாக மாற்றிப் போடலாம். கால் வரிசைதான் வேறு. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 2என்5088-க்கு இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆகவே 180 டிகிரி திருப்பிப் போட வேண்டும். திருப்ப மறந்தாலும் பெடல் முழுதாகச் செத்துவிடாது. தலைகீழாகப் போட்ட டிரான்சிஸ்டரும் மிகக் குறைந்த கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவில்) வேலை செய்யும். ஒலி மெலிந்து, வற்றிப்போய் வரும். 'இந்த சர்க்யூட்டே இப்படித்தான் போல' என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

ரெசிஸ்டரில் கண்ணை நம்பக் கூடாது. நீல உடம்பு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் ஐந்து பட்டைகள் இருக்கும். 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் மூன்றுக்கும் முதல் மூன்று பட்டைகள் ஒன்றே. நான்காவதுதான் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று மாறும். நீலப் பின்னணியில், மஞ்சள் விளக்கடியில், அந்த மூன்று நிறமும் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துவிட்டே போர்டில் செருகுங்கள். கெப்பாசிட்டரில் 104 என்றால் 100 நானோஃபாரட், 473 என்றால் 47 நானோஃபாரட், 101 என்றால் வெறும் 100 பிக்கோஃபாரட். 101-ஐ 100 நானோ என்று எண்ணிப் போட்டால் பாஸ் முழுக்கக் காணாமல் போய்விடும்.

வால்யூமுக்கு 'ஏ' என்று அச்சிட்ட லாக் பாட் (குமிழைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) போட வேண்டிய இடத்தில் 'பி' என்ற லீனியர் பாட் போட்டால், முதல் கால் திருப்பிலேயே ஒலி பெரும்பாலும் ஏறி, மிச்சத் திருப்பு ஏறக்குறைய வீணாகும். கெட்டுப்போகாது, ஆனால் மேடையில் எரிச்சலூட்டும்.

ஜெர்மேனியம் ஆசை

1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் ஜெர்மேனிய டிரான்சிஸ்டர் வடிவத்தைக் கட்ட எல்லாருக்கும் ஆசை. இரண்டே டிரான்சிஸ்டர், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மற்ற பாகங்கள். எளிது என்று தோன்றும். ஏசி128 போன்ற பழைய டிரான்சிஸ்டரை மல்டிமீட்டரில் கெயினை அளக்கும் எச்எஃப்இ துளையில் செருகி, 120 என்று காட்டியதும் ஈயம் வைத்துவிடுவதுதான் முதல் தப்பு. ஜெர்மேனியத்தில் பேஸுக்கு எதுவும் கொடுக்காமலே கலெக்டர் வழியாக மின்சாரம் கசியும். மீட்டர் அந்தக் கசிவையும் கெயினாகவே கணக்கில் சேர்க்கும். 120 காட்டும் டிரான்சிஸ்டரின் உண்மைக் கெயின் 80-ஆகக்கூட இருக்கலாம். பேஸைத் திறந்துவிட்டு கலெக்டர் கசிவைத் தனியாக அளந்து பாருங்கள். 300 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசிந்தால் ஒதுக்கிவைப்பது நல்லது. முதல் டிரான்சிஸ்டருக்கு ஏறக்குறைய 70 முதல் 80, இரண்டாவதற்கு 110 முதல் 130 என்ற கெயின் ஜோடி பலருக்கும் ஒத்துவருகிறது.

அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துப் பாருங்கள், எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். உடம்புச் சூடே அதற்குப் போதும். செருகிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டபின் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் சுமார் 4.5 வோல்ட் வரும்படி அங்குள்ள ரெசிஸ்டரைச் சரிசெய்ய வேண்டும். அந்த இடத்தில் ஒரு டிரிம் பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு பாட்) வைத்துவிட்டால் வெயில் காலத்திலும் மறுபடி சரிசெய்யலாம்.

பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்ட ஜெர்மேனிய ஃபஸ்ஸில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு (பெட்டியோடும் கேபிள் கவசத்தோடும் சேரும் பொது முனை). மற்ற பெடல்களுக்கு நெகட்டிவ் கிரவுண்டு. ஒரே அடாப்டரிலிருந்து பிரித்து எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்தால், கிட்டார் கேபிளின் கவசக் கம்பி வழியாக அடாப்டரின் இரு முனையும் ஷார்ட் ஆகிவிடும். இந்த ஃபஸ்ஸுக்குத் தனி பேட்டரி, அல்லது ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வேண்டும்.

9 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதாது

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், 2.1 மில்லிமீட்டர் பிளக், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர், கேமரா அடாப்டர்களில் நடுமுனை பாசிட்டிவாக இருப்பதே வழக்கம். பலதும் 12 வோல்ட். பிளக் அச்சாகப் பொருந்துவதால் யோசிக்காமல் செருகிவிடுவோம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய அடாப்டர் என்றால், 9 என்று எழுதியிருந்தாலும் சுமை குறைவாக இருக்கும்போது 12, 13 வோல்ட் வரை தரும். மின்சாரப் பாதையில் 10 வோல்ட் மட்டுமே தாங்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போட்டவர்களுக்கு அது அங்கேயே உப்பும். 25 வோல்ட் போடுங்கள். உயரம் இடித்தால் 16.

தலைகீழ் மின்சாரத்துக்குக் காவலாக 1என்4001 டயோடைக் குறுக்கே போடும் பழக்கம் உண்டு. தப்பான அடாப்டர் வந்தால் அந்த டயோடு சப்ளையை ஷார்ட் செய்து சர்க்யூட்டைக் காக்கும். ஆனால் அடாப்டர் வலுவானதாக இருந்தால் டயோடோ, போர்டின் செம்புப் பாதையோ கருகிப்போகும். 1என்5817 ஷாட்கி டயோடை பாசிட்டிவ் வழியில் தொடராகப் போடுவது நிம்மதி, இழப்பு 0.2, 0.3 வோல்ட்தான். அதையடுத்து 100 மைக்ரோஃபாரடும் 100 நானோஃபாரடும் கிரவுண்டுக்குப் போட்டால் அடாப்டர் இரைச்சலும் தணியும்.

ஈயமும் வயரும்

0.8 மில்லிமீட்டர், 60/40 (தகரம், காரீயம்), ரோசின் உள்ளீடு உள்ள ஈயக் கம்பி, 340 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு, ஓர் இணைப்புக்கு இரண்டு மூன்று விநாடி. போர்டின் செம்பு முனையையும் பாகத்தின் காலையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை அங்கே தொட வேண்டும். சால்டரிங் இரும்பின் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து ஒட்டினால் மங்கலான உருண்டையாக உட்காரும். தொட்டால் பிடித்திருக்கும், மேடையில் ஸ்விட்சை மிதித்த அதிர்வில் விட்டுப்போகும். தகர வேலைக்கு உள்ள அமிலப் பேஸ்டை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். சில மாதங்களில் செம்புப் பாதையைப் பச்சை பூத்துத் தின்றுவிடும்.

வெரோ போர்டில் (இணையான செம்புப் பட்டைகள் உள்ள துளைப் போர்டு) பாதையை வெட்டும்போது மயிரிழை செம்பு மிச்சம் நிற்கும். பக்கத்துப் பாதைகளுக்கு நடுவே செம்புத் தூள் பாலம் போடும். கத்தி நுனியால் ஒவ்வொரு இடைவெளியையும் கீறிவிட்டு, விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிகம் சாவது ஒன்பது கால் ஃபுட் ஸ்விட்ச். கால்களைத் தாங்குவது பிளாஸ்டிக். ஒரே காலில் ஐந்தாறு விநாடி இரும்பை வைத்தால் பிளாஸ்டிக் இளகி, உள்ளே தொடர்பு சாய்ந்துவிடும். வயர் நுனியில் முன்பே ஈயம் பூசிவையுங்கள். ஒரு காலுக்கு மூன்று விநாடிதான். அடுத்தது வேறு வரிசையில் உள்ள கால். தட்டைக் கால்கள் கிடைமட்டமாக இருக்கும்படி ஸ்விட்சை வைத்தால் நடு வரிசை மூன்றும் பொது முனைகள். மேலும் கீழும் அவற்றின் ஜோடி. 90 டிகிரி திரும்பிவிட்டால் எல்லாமே தப்பு. வயர் வைக்குமுன் மீட்டரின் பீப் ஒலியில் சோதியுங்கள்: நடுக்கால் ஒருமுறை மேல் காலோடு, மிதித்தால் கீழ்க் காலோடு சேர வேண்டும்.

மிதிக்கும்போது 'டப்' என்று ஒலிக்கிறதா? உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் 1 முதல் 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்குப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். எல்இடிக்கு 4.7 கிலோ ஓம் போதும். 470 ஓம் போட்டு கண்ணைக் கூசவைத்தால் அந்த மின்சாரத் துள்ளலே டப் ஒலியைக் கூட்டும்.

உள்வரும் வயரையும் வெளிப்போகும் வயரையும் அழகுக்காகச் சேர்த்துக் கட்டாதீர்கள். கெயின் அதிகமுள்ள டிஸ்டார்ஷனில் வெளிவரும் ஒலி மறுபடி உள்ளே தொற்றி விசிலடிக்கும். நீளமான வயர்தான் இருக்கிறது என்றால் உள்வரும் வழிக்குக் கவசக் கம்பி போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள்.

பெட்டிக்குள் போகுமுன்

பேட்டரிக்குத் தொடராக மீட்டரை வைத்து எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டர் ஒன்றுக்கும் குறைவாக, ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) போட்ட ஓவர்டிரைவ் எல்இடியோடு சேர்த்து பத்துக்குள் இழுக்கும். 50-ஐத் தாண்டினால் எங்கோ ஷார்ட், உடனே கழற்றுங்கள். 4558, டிஎல்072 போன்ற இரட்டை ஆப்-ஆம்பில் 8-ஆம் கால் ஏறக்குறைய 9 வோல்ட், 4-ஆம் கால் சுழியம், 1-உம் 7-உம் அதில் பாதி, ஏறக்குறைய 4.5 வோல்ட். ஒலி வராவிட்டால் ஆம்பிளிஃபையருக்குள் போகும் வயரின் நுனியில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கட்டி, கிட்டாரிலிருந்து தொடங்கி போர்டில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒலி எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அதற்கும் முந்தைய புள்ளிக்கும் நடுவில்தான் கோளாறு. ஆம்ப் ஒலியை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன ஊமைப் பெடலுக்கு இப்போது வருவோம். ஜாக்குக்குள் பிளக் 30 மில்லிமீட்டர் அளவுக்கு நுழையும். திறந்த வகை ஜாக்கில் நுனித் தகடு அப்போது வெளியே விரிந்து, போர்டின் அடிப்பகுதியையோ பாட்டின் உலோக முதுகையோ தொடும், ஒலி கிரவுண்டுக்குப் போய்விடும். கிட்டார் செருகாமல் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு ஜாக்கிலும் பிளக்கைச் செருகிவைத்தே இடைவெளியைப் பாருங்கள். சுமார் 60 மில்லிமீட்டர் அகலமே உள்ள 1590பி பெட்டியில் இரு ஜாக்கையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றோடொன்று மோதும். ஒன்றை முன்னே தள்ளுங்கள், அல்லது 125பி பெட்டிக்கு மாறுங்கள். பாட்டின் முதுகுக்கும் போர்டுக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டையோ ஒட்டும் ஃபோமையோ வையுங்கள்.

துளை, பெயின்ட், எழுத்து

துளை போட்டுவிட்டுத்தான் பெயின்ட். தலைகீழாகச் செய்தால் டிரில் பூச்சைப் பெயர்த்துவிடும். தாளில் அச்சிட்ட அளவுப்படத்தை 'பக்கத்துக்குப் பொருத்து' என்று கொடுத்து அச்சிட்டால் சற்றே சுருங்கிவிடும். 100% என்று கொடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். சென்டர் பஞ்சால் குறி, 3 மில்லிமீட்டர் முன்துளை, பிறகு படிப்படியாக விரியும் ஸ்டெப் டிரில். 12 மில்லிமீட்டர் ஸ்விட்சுக்கு 12.5, ஜாக்குக்கு 10, 16 மில்லிமீட்டர் வகை பாட்டுக்கு 7.5 என்று அரை மில்லிமீட்டர் கூட்டிவையுங்கள். பெயின்ட் துளையின் விளிம்பில் ஏறி அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

அலுமினியத்தில் சாதாரண பெயின்ட் நிற்காது, நகம் பட்டால் தோல் உரியும். 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கையே படாமல், அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு 20, 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று மெல்லிய பூச்சுகள். முதல் பூச்சில் பெட்டி முழுதும் மூடவில்லையே என்று அவசரப்பட்டு அடித்தால் வழியும். எனாமல்மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிச் சுருங்கிப் பொங்கும். ஒரே வகையைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கிளியர் கோட் பால்போல வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஐப்பசி அடைமழையில் ஸ்பிரே வேலையைத் தள்ளிப்போடுவதே மேல்.

எழுத்துக்கு வாட்டர்ஸ்லைடு டெக்கால் நல்ல வழி. இங்க்ஜெட்டில் அச்சிட்டால் தண்ணீரில் போடுமுன் மூன்று மெல்லிய கிளியர் பூச்சு கட்டாயம், இல்லாவிட்டால் மை கரைந்து ஓடும். லேசர் அச்சுக்கு அந்தக் கவலை இல்லை. தெளிவான டெக்காலில் வெள்ளை நிறம் அச்சாகாது என்பதையும் மறந்து பலர் கறுப்புப் பெட்டிக்குப் படம் வரைகிறார்கள். டெக்காலை நேராக அச்சிட வேண்டும். லேசர் அச்சின் டோனர் மையை இஸ்திரிப் பெட்டியால் பெட்டிக்கு மாற்றும் முறைக்கு மட்டும் கண்ணாடிப் பிம்பமாக. தமிழில் பெயர் போடுகிறவர்கள் எழுத்தை மிகச் சிறிதாக்க வேண்டாம். 6 புள்ளியில் 'ண', 'ஜ', 'ஐ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 9 புள்ளிக்குமேல், தடிமன் குறைந்த எழுத்துருவாக எடுங்கள். மார்க்கர் பேனாவால் வரைந்தால், அதன் மேல் கிளியர் கோட்டை ஈரமாக அடிக்காதீர்கள், மை கசியும். முதல் இரண்டு பூச்சு தூவல்போல இருக்கட்டும்.

படத்தையும் எழுத்தையும் ஃபெரிக் குளோரைடில் அரித்துப் பதிப்பவர்கள் செம்புப் போர்டில் பழகிய கையோடு அலுமினியப் பெட்டியை அப்படியே முக்கிவிடக் கூடாது. அலுமினியத்தோடு அது கொதித்து, சூடேறி, ஹைட்ரஜனைக் கக்கும். சூட்டில், அரிக்கக் கூடாத இடத்தை மறைத்த டோனரும் பெயர்ந்துபோகும். சம அளவு தண்ணீரில் நீர்த்து, அரை நிமிடம் முக்கி, எடுத்து அலசி, மறுபடி முக்குங்கள். நீர்க்கும்போதும் கரைசலைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டு. சிக்குக் கோலம்போல மெல்லிய கோடுகளை அரிப்பு பக்கவாட்டிலும் தின்னும். கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பூச்சு முடிந்ததும் பொறுமை வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் கரைப்பான் வாடை வருகிறது என்றால் இன்னும் காயவில்லை. ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குள் நட்டை முடுக்கினால் வாஷர் பெயின்டைச் சுருட்டிக்கொண்டு திரும்பும். ஃபுட் ஸ்விட்சின் உயரத்தை உள் நட்டால் சரிசெய்து, மேல் நட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து, முடிந்தவரை உள்பக்கத்திலிருந்தே இறுக்குங்கள். ஜாக் உட்காரும் இடத்தில் பெட்டியின் உள்பக்கப் பெயின்டை மோதிரம்போல வட்டமாகச் சுரண்டிவிட்டு, ஜாக்கின் கிரவுண்டுக்கும் மூடிக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பீப் வந்தால்தான் அந்தப் பெட்டி இரைச்சலைத் தடுக்கும் கவசம். வராவிட்டால், மூடித் திருகுகளின் தலைக்கடியிலும் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.