ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்பீக்கர்: டெல்டா வீடுகளுக்கான வழிமுறை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பகுதிகளில் ஃபால்ஸ் சீலிங்கினுள் ஸ்பீக்கர் பொருத்த விரும்புவோர், ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் முன் மேலுள்ள கான்கிரீட் தளத்தில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் தளத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் இடையே தங்கும் ஈரம், ஸ்பீக்கரின் கூம்பையும் (ஒலி எழுப்ப அதிரும் பகுதி) இணைப்பு முனைகளையும் மெல்ல அரித்துவிடும் என்பதால், மொட்டைமாடிக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு மழைக்காலம் கடந்தபின் வேலையைத் தொடங்குவதே என் பரிந்துரை.

ஒயரைப் பலகை அடிப்பதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும். சுமார் 15 மீட்டர் வரை 16 கேஜ் செம்பு ஒயர் போதும். அதற்கு மேல் 14 கேஜ் நல்லது (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்). மின்சார ஒயரிலிருந்து ஓரடியாவது விலக்கி, கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கச் செய்யுங்கள். வயலோர வீடுகளில் எலி நிச்சயம் வரும். ஆகவே பிவிசி குழாய் கட்டாயம்.

ஸ்பீக்கருடன் வரும் அட்டையை வைத்து வட்டம் வரைந்து, சட்டகக் கம்பி குறுக்கிடவில்லை என உறுதி செய்து வெட்டவும். கவ்வித் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் ஜிப்சம் நொறுங்கும். எடை மிகுந்த ஸ்பீக்கரைத் தளத்தோடு கம்பியால் தனியே கட்டவும். தயாரிப்பாளர் அனுமதித்தால், தூசியும் பல்லியும் அண்டாதிருக்கப் பின்புறம் மூடுபெட்டி வைக்கலாம்.

இரண்டு 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபையரின் ஒரே சேனலில் பக்க இணைப்பாகக் (பேரலல்) கொடுத்தால் மொத்தத் தடை 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்று பாருங்கள். இடி மின்னலின்போது அதன் பிளக்கைக் கழற்றிவிடவும்.